பேட்டரியிலிருந்து ஒரு சாண்

எங்கள் லயத்தில் இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் ஒரு சின்ன பல்பு எரியும். லேண்ட் ரோவருக்கு இனி உதவாது என்று தோட்டத்தில் ஒதுக்கிப் போட்ட பேட்டரி ஒன்றை அப்பா கேட்டு வாங்கிவந்து, அடுப்படி மூலையில் பலகைமேல் வைத்திருந்தார். என்ஜினை எழுப்ப அதற்குத் தெம்பு இல்லை. ஆனால் ஒரு பல்பையும் ரேடியோவையும் இரவுக்கு இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். வாரத்துக்கு ஒருமுறை அதைத் துண்டில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ரிங்லெட் பட்டறைக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றி வருவார். அமிலம் பட்டு அவருடைய சட்டைகளெல்லாம் தோள்பட்டையில் பொத்தலாகியிருக்கும்.

அப்படி வாங்கிவரும் பேட்டரி ஏன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செத்துப்போகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. என்ஜினை எழுப்பும் பேட்டரிக்குள் மெல்லிய ஈயத் தகடுகள் நிறைய இருக்கும். சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளத்தான் அதைச் செய்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இரவெல்லாம் கொடுக்க வேண்டுமானால் தகடு தடித்திருக்க வேண்டும். மெல்லிய தகட்டை அடிமட்டம்வரை வடித்தால் அது உதிர்ந்து கீழே படிந்துவிடும். அப்பா ஓட்டக்காரனைச் சுமைதூக்க வைத்திருந்தார். வேனுக்குள் வீடு கட்ட வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வண்டியை எழுப்பும் பேட்டரி வண்டிக்கு, வீட்டை நடத்தும் பேட்டரி வீட்டுக்கு. இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

என் பட்டறை மலேசியாவின் கேமரன் மலையில், லெம்பா பெர்த்தாமில் இருக்கிறது. ரிங்லெட்டிலிருந்து ஆற்றை ஒட்டிக் கீழே இறங்கினால் எங்கள் ஊர். மேலே சுல்தான் அபு பக்கார் அணை. அங்கே தேங்கும் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் போய், ஜோரில் இருக்கும் சுல்தான் யூசோப் மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அதன் திறன் 100 மெகாவாட். பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிப் பண்ணைகளும் பூப்பண்ணைகளும். இரவு நீண்டால் சாமந்தி அவசரமாக மொட்டு வைத்துவிடும். தண்டு வளரட்டும் என்று இரவில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டுவார்கள். இருட்டில் மேலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்க விளக்குச் சரமாகத் தெரியும். 1929-ல் ஜே. ஏ. ரஸல் போ தோட்டத்தைத் தொடங்கி, பிறகு ஒன்றொன்றாகத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தபோது இங்கே வந்த குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. தாத்தாவும் பாட்டியும் கொழுந்து எடுத்தார்கள், அப்பா தோட்டத்தில் என்ஜின் ரூம் ஆள், நான் வண்டி வயர்மேன்.

தொழில் கற்றது ரிங்லெட்டில், 1984-ல், 16 வயதில். எனக்குக் கற்றுக்கொடுத்தவரை ஊரே வயர்மேன் மாமா என்றுதான் கூப்பிடும். கேமரன் மலையில் அப்போது எங்கே பார்த்தாலும் பழைய லேண்ட் ரோவர்தான். முட்டைக்கோஸ் மூட்டைகளோடு சேற்றில் ஏறி இறங்க அதைவிட்டால் வேறு வண்டி கிடையாது. அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. 1967-க்கு முன்னால் வந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியில் முடுக்கியிருப்பார்கள். அதற்குப் பின்னால் வந்தவற்றில் நெகட்டிவ் முனை பாடியில் இருக்கும். இரண்டும் ஒரே நாளில் பட்டறைக்கு வரும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பழக்கதோஷத்தில் மாற்றிக் கொடுத்தால் ரேடியோ போகும், ஆல்டர்னேட்டரின் டையோடு போகும்.

"வயரைத் தொடுறதுக்கு முன்னால மீட்டரைத் தொடுடா" என்பார் மாமா. நிறத்தை நம்பாதே, பழைய ஆள் சொன்னதை நம்பாதே, உன் ஞாபகத்தையும் நம்பாதே என்பது அவருடைய பாடம். இன்றைக்கும் ஒரு வேன் உள்ளே வந்தால் என் கை முதலில் எடுப்பது மீட்டரைத்தான். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6, 12.7 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. என்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள் இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் மேற்கொண்டு எதையும் அவிழ்ப்பதில்லை.

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு 1993-ல். சொந்தமாகப் பட்டறை போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் காய்கறி விற்கும் அண்ணன் ஒருவர் தன் வேனைக் கொண்டுவந்தார். கடை விளக்குக்குத் தனி பேட்டரி வேண்டும், வீடு திரும்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கக் கூடாது என்றார். முன்பக்கத்து பேட்டரியிலிருந்து ஒரு வயரை இழுத்து, தரைத் தகட்டில் துளைபோட்டு, வண்டிக்கு அடியில் கொண்டுபோய்ப் பின்னால் வைத்த இரண்டாவது பேட்டரியில் சேர்த்தேன். ஃபியூஸ் போட்டேன். ஆனால் விளக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில் போட்டேன். துளையில் ரப்பர் வளையம் போடவில்லை. அன்று அது தீர்ந்துபோயிருந்தது. அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஐந்து மாதம் கழித்து, தாப்பா ரோட்டு வளைவு ஒன்றில் அந்த வேனின் தரையிலிருந்து புகை வந்தது. வளைவுக்கு வளைவு ஆடிய வயர், தகட்டின் விளிம்பில் உரசி உரசி உறை கிழிந்து, செம்பு பாடியைத் தொட்டுவிட்டது. ஃபியூஸ் ஏன் போகவில்லை? இரண்டு பேட்டரியிலிருந்தும் துளைவரைக்கும், துளையிலிருந்து பாடிக்கும்தான் மின்சாரம் ஓடியது. ஃபியூஸ் இருந்த பக்கமே அது போகவில்லை. வயரே அடுப்புக்கம்பி ஆகிவிட்டது. அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, சாவிக்கொத்தை வைத்தே இரண்டு பேட்டரியின் முனையையும் தட்டிக் கழற்றியிருக்கிறார். பின்னால் கோணிமேல் அவருடைய மகன் தூங்கிக்கொண்டிருந்தான். ஆறு வயது.

மறுநாள் அவர் வந்தார். கத்தவில்லை. கருகிய வயரை என் மேசைமேல் வைத்துவிட்டு, "தம்பி, இதே மாதிரி வேற யாருக்காவது செஞ்சு குடுத்திருக்கியா?" என்று கேட்டார். கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். ஏழு வண்டி. அந்த வாரம் முழுக்கப் பட்டறையை மூடிவிட்டு, கம்போங் ராஜாவரைக்கும் போய் ஏழு வண்டியையும் தேடிப் பிடித்து, காசு வாங்காமல் திரும்பக் கட்டிக்கொடுத்தேன். ஏழிலும் ஃபியூஸைப் பேட்டரியின் பக்கத்தில் கொண்டுவந்தேன். பேட்டரி முனையில் கட்டைவிரலை வைத்து விரித்தால் சுண்டுவிரல் எட்டுகிற தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். படகுகளுக்கான அமெரிக்க விதி 7 அங்குலம் என்று பிற்பாடு படித்தேன். என் கைக்கு அது ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவு. அன்றையிலிருந்து எனக்கு அதுதான் அளவு.

ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற வைப்பதில்லை, ஃபிரிட்ஜைக் காப்பாற்றவும் வைப்பதில்லை. வயரைக் காப்பாற்ற வைப்பது. வயர் எங்கே தொடங்குகிறதோ அங்கேயே அது நிற்க வேண்டும்.

2013 அக்டோபர் 23 வேறொரு பாடம் தந்தது. விடாத மழை, அணையிலிருந்து திறந்த நீர், நள்ளிரவு தாண்டி ஆறு எங்கள் பள்ளத்தாக்குக்குள் ஏறியது. உயிர்கள் போயின. வீடுகளுக்குள் சேறு கழுத்தளவுக்கு நின்றது. கார்களும் லோரிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதற்குப் பிறகு பல மாதம் நான் பார்த்தது சேற்றில் கிடந்த வயரிங்தான். கழுவிக் காயவைத்ததும் பல வண்டிகள் ஓடின. சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைக் களிம்பேறிப் பொடிப்பொடியாக உதிரும். வயர் முனையில் பூட்டும் லக்கின் வாய் வழியாகப் புகுந்த ஈரம், திரி எண்ணெய் குடிக்கிற மாதிரி, வயருக்குள் ஒரு முழம்வரை ஏறியிருந்தது. அதன் பிறகு என் பட்டறையில் ஒரு லக்கையும் வாய் திறந்து விடுவதில்லை. ஹைட்ராலிக் அழுத்தியில் நசுக்கி, உள்ளே பசை தடவிய சுருங்கு குழாயைப் போட்டு, சூடு காட்டி, பசை இரண்டு பக்கமும் பிதுங்கி வரும்வரை நின்று பார்ப்பேன்.

வேனை வீடாக்கும் ஆசை மலேசியாவில் பரவலானது கோவிட் காலத்துக்குப் பிறகுதான். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 2021 அக்டோபர் 11-ல்தான் தடுப்பூசி போட்டவர்கள் மாநிலம் விட்டு மாநிலம் போக அனுமதி கிடைத்தது. அடைபட்டிருந்த ஜனங்கள் மலைக்கு ஏறினார்கள். விடுதிக்குப் போகத் தயங்கியவர்கள் வேனில் மெத்தை போட்டுக்கொண்டு வந்தார்கள். நிசான் வேனட், டொயோட்டா ஹையேஸ் என்று வரிசையாகப் பட்டறைக்கு வந்தன. அதுவரை லோரிக்கும் லேண்ட் ரோவருக்கும் வயர் இழுத்த எனக்கு அது புதிய வேலையாகத் தெரியவில்லை. அப்பாவின் அடுப்படி பேட்டரிக்குச் சக்கரம் வைத்த மாதிரிதான் இருந்தது.

அப்படி வந்தவர்களில் ஒரு தம்பதியைச் சொல்கிறேன். இருவரும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். பழைய ஹையேஸ் வேன். மூன்று மாதத்தில் மேற்கு மலேசியா முழுக்கச் சுற்ற வேண்டும் என்று ஆசை.

"தம்பி, பெரிய பேட்டரியா ஒண்ணு போட்டுருங்க. எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியல" என்றார் சார்.

"பேட்டரியை அப்புறம் பேசுவோம் சார். ராத்திரி வேன்ல என்னென்ன ஓடணும்? அதைச் சொல்லுங்க."

அவர் விளக்கு, ஃபோன், காற்றாடி என்று அடுக்கினார். டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இன்சுலின் இருக்கு தம்பி. ஃபிரிட்ஜ் நிக்கவே கூடாது."

அந்த ஒரு வார்த்தையில் வேலையின் கனம் மாறிவிட்டது. திறக்காத இன்சுலினை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டியை நம்ப முடியாது.

ஒரு தாளை எடுத்து அவர்கள் முன்னாலேயே கணக்குப் போட்டோம். கணக்கு வாத்தியார் என்பதால் சாரே எழுதினார். 12 வோல்ட் கம்ப்ரெஸர் ஃபிரிட்ஜ் 45 வாட். நாள் முழுக்க ஓடாது; மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடும் என்று வைத்தால் 360 வாட்-மணி. காற்றாடி 15 வாட், எட்டு மணி நேரம், 120. விளக்கு 50. இரண்டு ஃபோன் 30. தண்ணீர் பம்ப் 10. சின்ன ரைஸ் குக்கர் 400 வாட், அரை மணி நேரம், 200. இன்வெர்டரில் வீணாவதையும் சேர்த்தால் 235. கூட்டினால் 805.

இப்போது பேட்டரியைப் பேசலாம். பிரெஞ்சுக்காரர் பிளாந்தே 1859-ல் கண்டுபிடித்த ஈய பேட்டரிதான் இன்றும் நம் வண்டிகளில் இருக்கிறது. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் ஏறத்தாழ 1,200 வாட்-மணி இருக்கும். ஆனால் பாதிக்குமேல் வடித்தால் ஆயுள் குறையும். ஆகவே கைக்கு வருவது 600. இவர்களுக்குப் போதாது. இரண்டு வைத்தால் ஐம்பது அறுபது கிலோ. தவிர, மூடி திறக்கும் ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும். ஆள் தூங்கும் இடத்தில் அதை வைக்கவே கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்பது 1997-ல் குட்இனஃப் என்ற விஞ்ஞானியின் குழு வெளியிட்ட கண்டுபிடிப்பிலிருந்து வந்தது. லித்தியம் பேட்டரிகளுக்காக 2019-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். 3.2 வோல்ட் செல் நான்கு சேர்ந்தால் 12.8 வோல்ட். 100 ஆம்பியர்-மணி என்றால் 1,280 வாட்-மணி. அதில் 80 விழுக்காட்டை எடுத்தாலும் 1,024. ஒரு நாளைக்குப் போதும். மழைநாள் வந்தாலும் ஃபிரிட்ஜுக்கு மிச்சம் இருக்கும். எடை பத்துப் பன்னிரண்டு கிலோ. அதையே முடிவு செய்தோம்.

இதற்குக் குளிர் ஆகாது என்று எங்கேயோ படித்ததாகச் சார் கேட்டார். உண்மைதான், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யக் கூடாது. ஆனால் மலேசியாவிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பம் எங்கள் கேமரன் மலையில்தான், 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி; அன்றுகூட 7.8 டிகிரி. ஆகவே குளிரைப் பற்றி நமக்குக் கவலையில்லை. சூடுதான் எதிரி. ஹையேஸில் முன்னிருக்கைகளுக்கு அடியில் என்ஜின் இருக்கிறது. லித்தியத்தை அங்கே வைக்காமல், பின்னால் கட்டிலுக்கு அடியில், சக்கர வளைவுக்கு மேலே, தகட்டில் போல்ட் போட்டு இரும்புப் பட்டையால் இறுக்கினேன். தாப்பா ரோட்டில் பிரேக் அடித்தால் பன்னிரண்டு கிலோ பேட்டரி தானாக முன்னால் வரும். கயிற்றை நம்பக் கூடாது.

அடுத்தது, ஓடும்போது சார்ஜ் ஏற்றுவது. பழைய வழி ரிலே. என்ஜின் ஓடி வோல்ட் 13.3 தொட்டதும் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், 12.8-க்கு இறங்கியதும் பிரித்துவிடும். ஈயத்தோடு ஈயத்தைச் சேர்க்க அது நல்ல கருவி. பல வேன்களுக்கு இன்றும் போடுகிறேன். லித்தியத்துக்கு மட்டும் போடமாட்டேன். ஈயம் தாகமெடுத்த மாடு மாதிரி கொஞ்ச நேரம் குடித்துவிட்டு நிதானமாகிவிடும். லித்தியம் கொடுப்பதையெல்லாம் குடித்துக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டரைக் குளிரவைப்பது அதோடு சேர்ந்து சுற்றும் விசிறி. மலையேற்ற நெரிசலில் என்ஜின் மெதுவாகச் சுற்றும், விசிறியும் மெதுவாகச் சுற்றும், மின்சாரம் மட்டும் உச்சத்தில் ஓடும். அப்படிச் சுருள் கருகிய ஆல்டர்னேட்டர்களை நான் கழற்றியிருக்கிறேன். அதனால் நடுவில் டிசி-டிசி சார்ஜர். அது இவ்வளவுதான் எடுப்பேன் என்று அளந்து எடுக்கும்.

30 ஆம்பியர் போடலாமா, 20 போதுமா என்று யோசித்தேன். சனி ஞாயிறில் பிரிஞ்சாங்கிலும் கியா பண்ணையிலும் ஒரு மணி நேரம் வண்டி நகராது. என்ஜின் ஐடிலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் தன் தகட்டில் எழுதியிருப்பதைக் கொடுக்காது. முன்விளக்கு, மழைத்துடைப்பான், ஏர்கோன் எல்லாம் ஓடும்போது சார்ஜரும் 30 இழுத்தால், குறைவதை ஸ்டார்ட் பேட்டரிதான் ஈடுகட்டும். அதைக் காப்பாற்றத்தானே இத்தனை வேலையும்? 20 ஆம்பியரே போட்டேன். மணிக்கு 260 வாட்-மணி. மூன்று மணி நேரம் ஓட்டினால் அன்றைய செலவு ஏறத்தாழ திரும்பிவிடும். கூரைமேல் 200 வாட் சோலார் தகடும் வைத்தோம். ஆனால் எங்கள் மலையில் மத்தியானத்துக்குமேல் மேகம் மூடிவிடும். சோலாரை வரவு வைத்துக் கணக்குப் போடாதீர்கள், வந்தால் லாபம் என்று சாரிடம் சொன்னேன்.

வயர் தடிமன் ஏன் முக்கியம் என்று எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. மலைச் சுனையிலிருந்து கறுப்புக் குழாயில் தண்ணீர் கொண்டுவருகிறவர்கள் அவர்கள். குழாய் ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தால் கடைசிப் பாத்தியில் தண்ணீர் சொட்டும், பீய்ச்சாது. மின்சாரமும் அப்படியே. முன் பேட்டரியிலிருந்து சார்ஜருக்கு நாலு மீட்டர். போக வர எட்டு மீட்டர். 25 ஆம்பியர் ஓடும்போது 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். அது எங்கும் போகவில்லை, வயருக்குள் சூடாக இருக்கிறது. 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.35 வோல்ட்தான் குறையும். நான் 10 போட்டேன். சுத்தச் செம்பு. மலிவாகக் கிடைக்கும் சில வயரில் அலுமினியத்துக்குமேல் செம்பு பூசியிருப்பார்கள். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த வயரின் இரண்டு முனையிலும் 40 ஆம்பியர் ஃபியூஸ். ஏன் இரண்டு என்று சார் கேட்டார். ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையிலும் பேட்டரி. நடுவில் எங்கே உரசினாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் நெருப்புக்குத் தீனி வரும். ஆகவே இரண்டு வாசலுக்கும் காவல் வேண்டும். ஒவ்வொரு காவலும் அதனதன் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். தகட்டைக் கடக்கும் இடமெல்லாம் ரப்பர் வளையம், அதற்குள் வரிக்குழாய். எர்த் முடுக்கும் இடத்தில் பெயின்டைப் பளபளவென்று இரும்பு தெரியச் சுரண்டி, முடுக்கியபின் துரு ஏறாமல் பூச்சு.

ரைஸ் குக்கருக்கு 600 வாட் இன்வெர்டர். 230 வோல்ட் என்றதும் எல்லாரும் பயப்படுகிறார்கள். 12 வோல்ட் பக்கத்தை யாரும் மதிப்பதில்லை. குக்கர் ஓடும்போது பேட்டரிப் பக்கத்தில் 37 ஆம்பியர் ஓடும். முழுச்சுமையில் அறுபதைத் தொடும். அதற்கு 16 சதுர மில்லிமீட்டர் வயர், ஒரு மீட்டருக்குள், 80 ஆம்பியர் ஃபியூஸ். 230 பக்கத்தில் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான். அந்தப் பகுதியை உரிமம் உள்ள மின்பணியாளரை அழைத்துத்தான் முடித்தேன். எனக்குத் தெரியும் என்பதற்காக எல்லாவற்றையும் நானே செய்வது முறையல்ல. வேனின் உடலமைப்பையும் இருக்கைகளையும் மாற்றுகிறவர்களைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் புஸ்பாகோம் வாகனச் சோதனையும் முடித்துவிட்டு வரச் சொல்வதும் என் வழக்கம்.

வேலை முடிந்ததும் உடனே சாவியைக் கொடுப்பதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டு அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு லக்கையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். மற்றவை குளிர்ந்திருக்க ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது. பிறகு வண்டியை ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறக்கி, திரும்ப ஏற்றுவேன். நாற்பத்து சொச்சம் கிலோமீட்டர் வளைவு. என் பட்டறையில் எத்தனை முடுக்கினாலும் அந்த ரோடு தளர்த்த வேண்டியதைத் தளர்த்திக் காட்டிவிடும். திரும்பி வந்து எல்லா நட்டையும் மறுபடி முடுக்குவேன். டீச்சரின் வேனில் ஒரு நட்டு கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. இன்வெர்டர் நட்டு. விட்டிருந்தால் ஒருநாள் பொறி பறந்திருக்கும்.

கடைசியாக டீச்சரை உட்காரவைத்து இரண்டைச் சொல்லிக்கொடுத்தேன். லித்தியத்தில் வோல்ட்டைப் பார்த்து மிச்சம் கணிக்க முடியாது. முக்கால் இருக்கும்போதும் 13 சொச்சம், பாதி இருக்கும்போதும் 13 சொச்சம். அதனால் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் மீட்டர் வைத்திருக்கிறேன். விழுக்காட்டை மட்டும் பாருங்கள். நாற்பதுக்குக் கீழே போனால் குக்கர் வேண்டாம், ஃபிரிட்ஜ் ஓடட்டும். இரண்டாவது, பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தால் எங்கே என்று தேடாதீர்கள். பேட்டரியைத் துண்டிக்க நான் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கும் சிவப்புப் பிடியைத் திருப்பிவிட்டுக் கீழே இறங்குங்கள். இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, மூன்று தடவை அவரையே திருப்பச் சொன்னேன். திருப்பினார்.

கிளந்தானிலிருந்து ஒரு காலை ஃபோன் வந்தது. இரண்டு நாளாக மழை, வண்டியை எடுக்கவே இல்லை, சோலாரிலும் ஒன்றும் வரவில்லை என்றார் சார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. "விழுக்காடு இருபத்தொண்ணு தம்பி. டீச்சர் நேத்தே குக்கரை நிறுத்திட்டாங்க. ஃபிரிட்ஜ் அஞ்சு டிகிரி. இப்பதான் சாவி போட்டேன், ஒரே சுத்துல எழுந்துருச்சு." முன் பேட்டரியிலிருந்து ஒரு துளிகூட வீட்டுக்குப் போகவில்லை. அதற்காகத்தான் இரண்டாவது பேட்டரி.

இப்போது இளைஞர்கள் பலர் தாங்களே வேனைக் கட்டுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை, மகிழ்ச்சிதான். கற்றுக்கொள்கிறவனுக்கு நான் கதவைச் சாத்தியதில்லை. ஆனால் பட்டறைக்கு வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் எத்தனை ஆம்பியர்-மணி பேட்டரி, எத்தனை வாட் இன்வெர்டர் என்றே பேசுகிறார்கள். வயரைப் பற்றிக் கேட்பவர் ஒருவர். ஃபியூஸ் எங்கே என்று கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சரக்கு ஏற்றும் லோரியில் தீப்பிடித்தால் டிரைவர் விழித்திருக்கிறார், குதித்துவிடுவார். நீங்கள் கட்டுவது ஆள் தூங்கும் வண்டி. மனைவி, பிள்ளைகள், வயதான அம்மா அதில் படுக்கிறார்கள். அவர்கள் தூங்கும்போது விழித்திருப்பது அந்த ஃபியூஸ் ஒன்றுதான்.

ஆகவே இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வேனில் இரண்டாவது பேட்டரி இருந்தால், அடுத்த பயணத்துக்கு முன்னால் அது இருக்கும் பெட்டியைத் திறங்கள். பாசிட்டிவ் முனைக்கு நேரே கையை விரித்துப் பிடியுங்கள், தொட வேண்டாம். அங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு தடித்த வயரிலும் அந்த ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்கிறதா பாருங்கள். முன் பேட்டரியிலும் அதே மாதிரி பாருங்கள். இல்லையென்றால் அதைப் போடும்வரை அந்த வேனில் யாரையும் தூங்க விடாதீர்கள்.